ஆளை எடைபோட்ட மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன்

1928-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்து நாட்டில் எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு. ஒரு பந்தாட்டக்காரருக்கு 10 ஆயிரத்து 890 பவுனா?

பவுன் என்பது அந்த நாட்டு நாணயம். அந்தக் காலத்தில் அங்கே ஒரு கால்பந்தாட்டக்காரர் வாங்கக்கூடிய உச்ச சம்பளம் வாரத்துக்கு 8 பவுன். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. அந்தச் சம்பளத்தில் 25 ஆண்டுகள் உழைத்தாலும் ஒருவரால் இந்தத் தொகையைச் சேர்க்க முடியாது. இவ்வளவு பணமும் ஆட்டக்காரரின் கைக்குப் போகவில்லை. அவரை விட்டுக்கொடுத்த கிளப்புக்குப் போயிற்று.

உலகத்தில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டது இல்லை. கால்பந்துச் சங்கத்தின் தலைவரே இதைக் கண்டித்தார். எந்த ஆட்டக்காரரும் இவ்வளவு விலை பெறமாட்டார் என்றார்.

விலை கொடுத்தவர் கலங்கவில்லை. அவர் பெயர் ஹெர்பர்ட் சாப்மன். லண்டன் நகரில் உள்ள ஆர்சனல் கிளப்பின் மானேஜர். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதில் அவருக்கு நிகர் அவரே என்று பெயர் வாங்கியவர். ஆனால் அந்தப் பெயர் ஒரே நாளில் கிடைத்தது அல்ல. ஒரு காலத்தில் அவரே நீக்கப்பட்டவர்தான்!

சுரங்கத் தொழிலாளியின் மகன்

இங்கிலாந்தின் வடபகுதியில் கிவிட்டன் பார்க் என்ற ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே 1878-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி சாப்மன் பிறந்தார்.

தந்தை சுரங்கத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மகன் படித்தார். சுரங்கப் பொறியியல் பயின்றார். படிப்பு ஒரு பக்கம், பந்து மறுபக்கம். அவருடைய சகோதரர் ஹாரி புகழ் பெற்ற ஆட்டக்காரர் ஆனார். ஹெர்பர்ட் அவ்வளவு புகழ் பெறவில்லை.

அவர் ஊர் ஊராகப் போய் ஆடினார். கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், நார்த்தாம்டன், டாட்டன்காம் என்று பல கிளப்புகள். டாட்டன்காமில் ஆடும்போது மஞ்சள் நிறத்தில் பூட்ஸ் போட்டுக்கொள்வார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் தன்னைத் தன் தோழர்கள் சட்டென்று அடையாளம் கண்டு பந்தைத் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். சிரிப்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பந்து வந்தால் போதும்!

1907-ம் ஆண்டில் நார்த்தாம்டன் கிளப் அவரை மானேஜராக அழைத்தது. லீக் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்த கோஷ்டி அது. இரண்டே ஆண்டுகளில் அது தென்பகுதி லீக்கின் முதலிடத்தைப் பிடித்தது. 1912-ம் ஆண்டில் லீட்ஸ் சிட்டி என்ற பெரிய கிளப் அவரை இழுத்துக்கொண்டது.

ஏலம் போன ஆட்டக்காரர்கள்

இரண்டே ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. சாப்மன் பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலைக்கு நிர்வாகியாகப் போனார்.

போர் முடிந்தது. லீட்ஸ் சிட்டி மீது ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்தார்கள் என்பதே அது. கணக்குப் புத்தகங்களைக் காட்டும்படி விசாரணைக் குழு கேட்டது. கிளப் காட்ட மறுத்தது. அவ்வளவுதான்! 1919-ம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கிளப்பே லீக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். லீட்ஸ் நகரில் ஒரு ஓட்டல். அங்கே ஏலம். பந்து, வலை, சட்டை எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அவற்றோடு ஆட்டக்காரர்களும் வந்தார்கள்! ஆயிரம் பவுனுக்கு மேல் போனவர் உண்டு. சொற்ப விலைக்குப் போனவரும் உண்டு. பல ஊர்க் கிளப்புகள் வந்து அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன.

சாப்மன் அதற்கு முன்பே வேலையை விட்டு விலகியிருந்தார். ஆனாலும் தண்டனை அவரை விடவில்லை. கால்பந்தாட்டத்தில் இனி எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. அவர் அப்போது ஓர் எண்ணெய் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1920-ம் ஆண்டு இறுதியில் அந்த வேலையும் போயிற்று. கையில் வேலை இல்லை. வீட்டில் மனைவி, மக்கள். வயதோ 42.

அந்த நேரத்தில் ஹட்டர்ஸ்பீல்டு கிளப் அவருக்காகப் பரிந்து பேசியது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் குண்டுத் தொழிற்சாலையில் இருந்தார் என்று எடுத்துக் காட்டப்பட்டது. தடை நீங்கியது.

தள்ளி வைக்கப்பட்ட ஒருவரை நம்பி எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை ஹட்டர்ஸ்பீல்டு விரைவிலேயே கண்டுகொண்டது.

வயதானவர் என்று தள்ளலாமா?

ஹட்டர்ஸ்பீல்டு அந்தக் காலத்தில் நெசவு ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே மக்களுக்கு ரக்பி ஆட்டத்தில்தான் மோகம். கால்பந்துக்கு இரண்டாம் இடம்.

சாப்மன் கோஷ்டியைப் பார்த்தார். இளைஞர்கள் இருக்கிறார்கள், வேகம் இருக்கிறது, ஆனால் அவர்களை ஆட்டி வைக்கும் மூளை இல்லை என்று கண்டார். ஆஸ்டன் வில்லா கிளப்பில் கிளெம் ஸ்டீபன்சன் என்பவர் இருந்தார். வயது 31. இனி அவர் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். சாப்மன் அவரைத்தான் வாங்கினார்.

காலில் வேகம் குறைந்தாலும் அவர் தலையில் ஆட்டம் குறையவில்லை. எந்த நேரத்தில் யாருக்குப் பந்தைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரைச் சுற்றி இளைஞர்கள் ஓடினார்கள்.

1922-ம் ஆண்டில் ஹட்டர்ஸ்பீல்டு எப்.ஏ. கோப்பையை வென்றது. 1924, 1925 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டத்தை வென்றது. சாப்மன் போன பிறகு 1926-லும் அதுவே வென்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக் பட்டம் என்பது இங்கிலாந்தில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை.

வினோதமான விளம்பரம்

1925-ம் ஆண்டு மே மாதம் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஆர்சனல் கிளப்புக்கு மானேஜர் தேவை. பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்கித்தான் கோஷ்டி கட்ட முடியும் என்று நினைப்பவர்கள் விண்ணப்பம் போட வேண்டாம் என்று அதில் கண்டிருந்தது.

அந்த வேலைக்கு வந்தவர்தான், மூன்றே ஆண்டுகளில் உலகத்திலேயே அதிக விலை கொடுத்தவர்!

அப்போது ஆர்சனல் பரிதாபமான நிலையில் இருந்தது. 22 கோஷ்டிகளில் அது 20-வது இடம். இன்னும் ஓரிடம் இறங்கியிருந்தால் இரண்டாம் பிரிவுக்குப் போயிருக்கும். கோஷ்டியைச் சீராக்க ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று சாப்மன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மே மாதப் பட்டியல்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கால்பந்து லீக் ஆகஸ்டு கடைசியில் தொடங்கி மே மாதம் முடியும். இடையில் கோடை விடுமுறை. மைதானத்தில் ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில்தான் மானேஜரின் அறையில் பெரிய ஆட்டம் நடக்கும்.

ஒவ்வொரு மே மாதமும் கிளப்புகள் ஒரு பட்டியல் போடும். வைத்துக்கொள்ளும் ஆட்கள் யார்? விற்கப்படும் ஆட்கள் யார்? ஒன்றும் வேண்டாம், போய் வா என்று அனுப்பப்படும் ஆட்கள் யார்? எல்லாம் அதில் இருக்கும். கிளப் வைத்துக்கொண்டவர் தாமாக வேறு இடம் போக முடியாது. கிளப் கைவிட்டவர் அடுத்த வேலை தேட வேண்டும். பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் ஆட்டக்காரனின் மனம் எப்படித் துடித்திருக்கும்!

இந்த முறையும் நிலைக்கவில்லை. சம்பள உச்சவரம்பு 1961-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆட்டக்காரரை அவர் விருப்பம் இல்லாமல் கட்டி வைப்பது நியாயம் அல்ல என்று 1963-ம் ஆண்டில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். ஆனால் சாப்மன் காலத்தில் அந்தப் பட்டியல்தான் பலருடைய தலையெழுத்து. வேலை இழந்தவனின் வேதனை அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் பட்டியல் போட வேண்டியிருந்தது.

ஒரு கோலுக்கு 100 பவுன்

ஆர்சனலில் அவர் முதலில் வாங்கிய பெரிய ஆட்டக்காரர் சார்லி பக்கன். சண்டர்லாண்டு ஊர்க்காரர்களின் செல்லப்பிள்ளை. வயது 33. அந்த ஊரில் அவருக்கு விளையாட்டுச் சாமான் கடை ஒன்று இருந்தது. சாப்மன் ஒருநாள் அந்தக் கடைக்குள் நுழைந்தார். சாமான் வாங்க வரவில்லை, உங்களையே வாங்க வந்தேன் என்றார். பக்கன் அதை வேடிக்கை என்று நினைத்தார்.

சண்டர்லாண்டு கேட்ட விலை 4 ஆயிரம் பவுன். 33 வயது ஆளுக்கு இது அதிகம் என்று ஆர்சனல் தலைவர் தயங்கினார். ஓர் ஆண்டில் 20 கோலாவது போடுவார் என்று சண்டர்லாண்டு மானேஜர் அடித்துச் சொன்னார். அப்படியானால் 2 ஆயிரம் பவுன் ரொக்கம், முதல் ஆண்டில் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுன் என்று பேரம் முடிந்தது.

பக்கன் எத்தனை கோல் போட்டார் தெரியுமா? 21! மொத்தம் 4 ஆயிரத்து 100 பவுன் ஆயிற்று. கேட்ட விலையை விட 100 பவுன் அதிகம்.

ஆனால் பக்கனிடமிருந்து ஆர்சனலுக்குக் கோல் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு யோசனையும் கிடைத்தது.

ஏழு கோல் தோல்வி

அந்தக் கோடையில் ஆப்சைடு விதி மாறியது. அதற்கு முன், பந்தை எதிர்பார்த்து முன்னே நிற்பவருக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரிகள் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். இதனால் கோல் போடுவது எளிதாகிவிட்டது. லீக் முழுவதிலும் ஓர் ஆண்டில் விழுந்த கோல்கள் 4 ஆயிரத்து 700-லிருந்து 6 ஆயிரத்து 373 ஆக உயர்ந்தன.

1925-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி ஆர்சனல் நியூகாசில் கோஷ்டியிடம் ஏழு கோல் வாங்கியது. திருப்பி ஒரு கோல்கூடப் போடவில்லை.

நடுவில் நிற்பவரைப் பின்னே இழுத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும் என்று பக்கன் வற்புறுத்தினார். சாப்மன் ஏற்றுக்கொண்டார். நடுவர் பின்னே போனால், நடுவில் உண்டாகும் பள்ளத்தை நிரப்ப ஒருவர் வேண்டுமே? தானே அந்த வேலையைச் செய்கிறேன் என்றார் பக்கன். சாப்மன் சம்மதிக்கவில்லை. கோல் போடுகிறவரை வேறு வேலைக்கு அனுப்பலாமா?

அவர் கண் ஆண்டி நீல் என்பவர் மீது விழுந்தது. கிளப்பின் மூன்றாவது கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்தவர். மெதுவாக ஓடுவார். ஆனால் பந்தை அடக்கி, சரியான ஆளுக்குச் சரியாகத் தள்ளுவார். இரண்டே நாளில் வெஸ்ட்ஹாம் கோஷ்டியோடு ஆட்டம். ஆர்சனல் நான்கு கோல் போட்டு வென்றது. அந்த ஆண்டு முடிவில் 20-வது இடத்துக் கோஷ்டி இரண்டாவது இடத்துக்கு வந்தது.

சாப்மனின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. இவர் நல்ல ஆட்டக்காரரா என்று அவர் கேட்கவில்லை. என் கோஷ்டியில் இன்ன இடம் காலியாக இருக்கிறது, அந்த இடத்துக்கு இவர் பொருந்துவாரா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சில சமயம் பெரிய விலையில் இருந்தது. சில சமயம் தன் வீட்டுப் பின்கட்டிலேயே இருந்தது.

200 பவுன் முத்து

பின்னே நின்று காவல் காக்க நிரந்தரமாக ஒருவர் தேவைப்பட்டார். 1926-ம் ஆண்டில் ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூர்க் கோஷ்டியிலிருந்து ஹெர்பி ராபர்ட்ஸ் என்ற இளைஞரை 200 பவுனுக்கு வாங்கினார். ராபர்ட்ஸ் வித்தை காட்டத் தெரியாதவர். தனக்கு இட்ட இடத்தை விட்டு அசையாதவர். சாப்மனுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்த ஆண்டு எட்டி ஹாப்குட் வந்தார். வயது 19. முன்பு பால் வண்டி ஓட்டியவர். கெட்டரிங் என்ற சிறிய கிளப்பில் சில ஆட்டங்களே ஆடியிருந்தார். விலை ஆயிரம் பவுனுக்கும் குறைவு. ஆள் ஒல்லி. காய்கறி உணவுதான் சாப்பிடுவார். அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். அதைத் தலையால் முட்டி ஹாப்குட் மயங்கி விழுந்ததும் உண்டு. பயிற்சியாளர் டாம் விட்டேக்கர் அவரை இறைச்சி உண்ண வைத்து உடம்பைத் தேற்றினார். ஒல்லிப் பையன் என்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஹாப்குட்தான் பிற்காலத்தில் இங்கிலாந்து நாட்டுக் கோஷ்டிக்கே தலைவர் ஆனார்.

தண்ணீர் குடித்த தந்திரம்

1928-ம் ஆண்டில் பக்கன் ஓய்வு பெற்றார். அவர் இடம் காலி. அதற்குத்தான் போல்டன் கிளப்பின் டேவிட் ஜாக்கைச் சாப்மன் கேட்டார். முதலில் போல்டன் விற்க மறுத்தது. பிறகு 13 ஆயிரம் பவுன் விலை சொன்னது.

அந்தப் பேரம் பற்றி ஒரு கதை உண்டு. சாப்மனின் உதவியாளராக இருந்த பாப் வால் பிற்காலத்தில் சொன்னது. பேச்சு நடந்தது ஓர் ஓட்டலில். சாப்மன் முன்கூட்டியே போய் ஓட்டல் பணியாளரைப் பார்த்தார். வருகிற விருந்தாளிகள் மது கேட்டால் இரட்டிப்பாக ஊற்று, எனக்கு மட்டும் மது கலக்காமல் கொடு, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தார். விருந்து நடந்தது. விருந்தாளிகள் உற்சாகத்தில் மிதந்தார்கள். சாப்மன் தெளிவாக இருந்தார். 13 ஆயிரம் கேட்டவர்கள் 10 ஆயிரத்து 890-க்கு இறங்கினார்கள்!

ஜாக் ஆர்சனலில் சேர்ந்தார். ஆர்சனலுக்காக லீக் ஆட்டங்களில் மட்டும் அவர் நூற்றுக்கு மேல் கோல் போட்டார். கொடுத்த விலையைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

1929 கோடை

அடுத்த கோடையில் சாப்மன் இரண்டு பேரைச் சேர்த்தார். இருவரும் இரு துருவங்கள்.

ஒருவர் அலெக்ஸ் ஜேம்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். பிரஸ்டன் கிளப்பிலிருந்து வந்தார். விலை 8 ஆயிரத்து 750 பவுன். குள்ளமான உருவம். முழங்காலைத் தொடும் தொளதொள கால்சட்டை. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? அவர் காலில் பந்து கட்டுப்பட்டு நிற்கும். சம்பளம் 8 பவுனுக்கு மேல் கொடுக்க விதி இல்லை. ஆகவே லண்டனில் செல்பிரிட்ஜ் என்ற பெரிய கடையில் ஆண்டுக்கு 250 பவுன் சம்பளத்தில் அவருக்குத் தனி வேலையும் கிடைத்தது. இதில் சூது இருக்கிறதா என்று லீக் விசாரணை நடத்தியது. குற்றம் ஒன்றும் காணவில்லை.

மற்றவர் கிளிப் பாஸ்டின். வயது 17! எக்ஸிட்டர் என்ற சிறிய ஊர்க் கோஷ்டியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆடியவர். வேறு ஓர் ஆட்டக்காரரைப் பார்க்கப் போன இடத்தில் சாப்மன் இந்தப் பையனைக் கண்டார். விளையும் பயிர் முளையிலே தெரியும் அல்லவா? 2 ஆயிரம் பவுன் கொடுத்து அழைத்து வந்துவிட்டார்.

ஆறு மாதத்தில் தீர்ப்பா?

ஆட்டங்கள் தொடங்கின. நாளடைவில் ஆர்சனல் தோற்றது. மீண்டும் தோற்றது. பட்டியலில் கீழே போயிற்று.

எல்லோரும் ஜேம்ஸ் மீது பாய்ந்தார்கள். பிரஸ்டனில் கோல் மேல் கோல் போட்டவர் இங்கே ஏன் போடவில்லை என்று கேட்டார்கள். காரணம் இருந்தது. கோல் போட வேண்டாம், மற்றவர்கள் கோல் போடப் பந்தைக் கொடு என்பதே சாப்மன் அவருக்கு இட்ட வேலை. பழகிய ஆட்டத்தை விட்டுப் புது ஆட்டம் பழகுவது எளிதா? கால்வலி வேறு. மனம் சோர்ந்தார் ஜேம்ஸ்.

அப்போது, 1929-ம் ஆண்டின் இறுதியில், யாராவது அந்தக் கோடை வியாபாரத்துக்கு மார்க் போட்டிருந்தால் என்ன போட்டிருப்பார்கள்? பூஜ்யம்தான்!

சாப்மன் ஜேம்சை விற்கவில்லை. திட்டவும் இல்லை. ஓய்வு கொடுத்து ஒதுக்கி வைத்தார். 1930 ஜனவரியில் பர்மிங்காம் கோஷ்டியோடு கோப்பை ஆட்டம். முதல் ஆட்டம் சமமாக முடிந்தது. மறு ஆட்டத்துக்குச் சாப்மன் நேரே ஜேம்சின் வீட்டுக்கே போனார். படுக்கையில் இருந்தவரை எழுப்பி, நீ ஆட வேண்டும் என்று அழைத்துப் போனார். ஆர்சனல் வென்றது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்களே, அது சாப்மனுக்குத் தெரியும்.

நான்கு கோல் போட்டவருக்கு இடம் இல்லை

லீக்கில் அந்த ஆண்டு ஆர்சனலுக்கு 14-வது இடம்தான். ஆனால் எப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன், லீசெஸ்டர் கோஷ்டியோடு ஒரு லீக் ஆட்டம். இரு பக்கமும் ஆறு ஆறு கோல். ஆர்சனலின் ஆறில் நான்கைப் போட்டவர் டேவிட் ஹாலிடே. அந்த ஆண்டுதான் வாங்கப்பட்ட முன்னணி ஆட்டக்காரர். இனி இறுதி ஆட்டத்தில் அவருக்கு இடம் நிச்சயம் என்று யாரும் நினைப்பார்கள்.

சாப்மன் அவரை எடுக்கவில்லை! ஜாக் லாம்பர்ட் என்பவரை நிறுத்தினார். லாம்பர்ட் நயமாக ஆடத் தெரியாதவர். ஆனால் மோதத் தயங்காதவர். ஜேம்ஸ் தூக்கிவிடும் பந்தைத் துரத்திப் பிடிக்க அந்தக் குணம்தான் வேண்டும் என்று சாப்மன் எடைபோட்டார்.

1930 ஏப்ரல் 26-ந் தேதி வெம்பிளியில் இறுதி ஆட்டம். எதிரி யார்? சாப்மன் வளர்த்த அதே ஹட்டர்ஸ்பீல்டு! முதல் கோலைப் போட்டவர் அலெக்ஸ் ஜேம்ஸ். அதற்குக் கைகொடுத்தவர் சிறுவன் பாஸ்டின். இரண்டாவது கோலைப் போட்டவர் லாம்பர்ட். ஆர்சனல் 2–0 என்று வென்றது. ஆர்சனலின் முதல் பெரிய கோப்பை அது. ஐந்து ஆண்டுகள் கேட்டவர் ஐந்தாவது ஆண்டில் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு லீக் பட்டமும் வந்தது. 42 ஆட்டங்களில் 127 கோல். லாம்பர்ட் மட்டும் 38. பாஸ்டின் 28. ஹாலிடே? அவர் மான்செஸ்டர் சிட்டிக்கு விற்கப்பட்டுவிட்டார்.

சறுக்கிய அடி

யானைக்கும் அடி சறுக்கும். 1933 ஜனவரி 14-ந் தேதி ஆர்சனல் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த வால்சால் கோஷ்டியோடு கோப்பை ஆட்டம் ஆடியது. ஆர்சனலில் சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குக் காயம். அவர்கள் இடத்தில் சாப்மன் நான்கு புது ஆட்களை இறக்கினார். வால்சால் 2–0 என்று வென்றது! நாடே வியப்பில் வாய் பிளந்தது.

புதியவர்களில் ஒருவரான டாமி பிளாக் எதிரியை முரட்டுத்தனமாக மோதியதால் பெனால்டி கோல் விழுந்தது. சாப்மன் கோபத்தின் உச்சிக்குப் போனார். பிளாக்கை ஆர்சனல் மைதானத்துக்குள் வரவே விடவில்லை. ஒரு வாரத்துக்குள் பிளிமத் கிளப்புக்கு அனுப்பிவிட்டார். சார்லி வால்ஷ் அதே மாதம் பிரண்ட்போர்டு போனார். பில் வார்ன்ஸ் அந்தக் கோடையில் நாரிச் போனார். நால்வரில் நார்மன் சைடி ஒருவர்தான் தங்கினார்.

இது சரியா? முரட்டு ஆட்டத்தைப் பொறுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அனுபவம் இல்லாதவர்களை அந்த ஆட்டத்தில் இறக்கியது யார்? மானேஜர் அல்லவா? ஜேம்சுக்கு ஆறு மாதம் பொறுத்தவர், பிளாக்குக்கு ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. சாப்மனின் வாழ்க்கையில் இது ஒரு கறை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜார்ஜ் மேல் என்பவர் இடது பக்கம் நடுவில் ஆடியவர். அந்த இடத்தில் அவருக்கு நிலையான வாய்ப்பு இல்லை. சாப்மன் அவரை அறைக்கு அழைத்துப் பேசினார். வலது பின்காவலுக்கு இங்கிலாந்திலேயே நீதான் சிறந்தவன் என்று நம்ப வைத்து அனுப்பினார். மேல் அந்த இடத்தில் நிலைத்தார். நாட்டுக் கோஷ்டிக்கும் போனார். புதிதாக ஆள் வாங்காமலே புதிய ஆள் கிடைத்துவிட்டார்!

வால்சாலில் விழுந்த ஆர்சனல், 1933-ம் ஆண்டில் மறுபடி லீக் பட்டம் வென்றது. பாஸ்டின் 33 கோல். மறு ஓரத்தில் ஆடிய ஜோ ஹியூம் 20 கோல். பந்து கொடுத்தவர் பெரும்பாலும் ஜேம்ஸ்.

காய்ச்சலோடு போன கடைசி ஆட்டம்

1933-ம் ஆண்டு முடியும்போது ஆர்சனல் பட்டியலில் முதலிடம். எல்லோரும் புகழ்ந்தார்கள். சாப்மன் மட்டும் மகிழவில்லை. இந்தக் கோஷ்டி களைத்துவிட்டது, இனி புதிதாகக் கட்ட வேண்டும் என்று கிளப்பின் டைரக்டர் ஜார்ஜ் அல்லிசனிடம் கவலையோடு சொன்னார். வெற்றியில் இருக்கும்போதே குறையைப் பார்க்கும் கண் அது.

1934 புத்தாண்டு அன்று ஆள் தேடிப் பரி என்ற ஊருக்குப் போனார். மறுநாள் ஷெபீல்டில் ஓர் ஆட்டம் பார்த்தார். கடும் குளிர். சளி பிடித்தது. லண்டன் திரும்பும்போது காய்ச்சல். வெளியே போகக் கூடாது என்றார் டாக்டர். சாப்மன் கேட்கவில்லை. ஆர்சனலின் மூன்றாவது கோஷ்டி கில்ட்போர்டில் ஆடுகிறது, பையன்களைப் பார்த்து நாளாயிற்று என்று புறப்பட்டுவிட்டார்.

காய்ச்சல் நிமோனியாவாக மாறியது. ஜனவரி 6-ந் தேதி அதிகாலையில் சாப்மன் காலமானார். வயது 55. அன்று பிற்பகலே ஆர்சனல் மைதானத்தில் ஆட்டம் இருந்தது. ஆட்டக்காரர்கள் கனத்த மனத்தோடு ஆடினார்கள். ஹெண்டன் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தேடிப் பிடித்துச் சேர்த்த ஆட்டக்காரர்களே அவர் சவப்பெட்டியைச் சுமந்து சென்றார்கள்.

அவர் போன பிறகும் அவருடைய கோஷ்டி 1934, 1935 இரண்டு ஆண்டுகளும் லீக் பட்டம் வென்றது. சவுதாம்டன் கிளப்பின் டெட் டிரேக்கைச் சாப்மன் முன்பே கேட்டிருந்தார். அப்போது டிரேக் வர மறுத்தார். சாப்மன் இறந்து இரண்டு மாதங்களில் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு லீக்கில் 42 கோல் போட்டார்! சாப்மனின் கண் அவர் இறந்த பிறகும் பலன் தந்தது.

மைதானத்தின் அருகில் இருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கு 1932-ம் ஆண்டில் ஆர்சனல் என்று பெயர் வைக்கச் செய்தவர் அவர். அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 2006-ல் ஆர்சனல் புது மைதானத்துக்குக் குடிபோயிற்று. 2011-ல் அதன் வெளியே சாப்மனுக்குச் சிலை வைத்தார்கள். மைதானத்தைப் பார்த்தபடி அவர் நிற்கிறார்.

இன்றும் கோடை வந்தால் யாரை வாங்கினார்கள், யாரை விட்டார்கள் என்று கால்பந்து ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். விலையைப் பார்த்து வியக்கிறார்கள். பேரைப் பார்த்து மகிழ்கிறார்கள். சாப்மனின் கணக்கு வேறு. காலியான இடம் எது, அதற்குப் பொருந்தும் ஆள் யார், அவன் பழக எத்தனை நாள் கொடுப்பது என்று பார்த்தார். அப்படிப் பார்த்தபோதெல்லாம் வென்றார். கோபத்தில் அதை மறந்த ஒருமுறை, டாமி பிளாக் என்ற இளைஞர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போக நேர்ந்தது.